மொட்டைக் கடிதாசியும் கணிப்பொறியும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் செய்து, "நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவர். இன்டர்நெட் பத்தி ஏதாவது இருபது நிமிஷம் பேசுங்களேன். ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடணும்" என்றார். பெயர் தெரியாமல் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ள உதவும் மென்பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன், வீட்டில் அதைத் தொடங்குவது எப்படி என்றும் சொல்கிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "வில்லங்கம் ஒண்ணும் வராதே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் நம் விடுதிக் கதை ஒன்று.

1983ஆம் வருடம். மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். பொங்கல் லீவில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்த மாதத்திலும் மெஸ் பில் குறையவில்லை, ஏறியது. எங்களில் ஒருவன் கணக்கில் புலி. மூன்று மாத பில்லை நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தான். கணக்கு உதைத்தது. கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டான்.

மொட்டைக் கடிதாசி என்றாலே நமக்கு முகம் சுளிக்கும். கல்யாணத்தைக் கெடுக்கவும் பிரமோஷனைத் தடுக்கவும் எழுதுவதுதான் அதிகம். ஆனால் இவன் எழுதியதில் வசவு ஒரு வரி கிடையாது. வெறும் கணக்கு. எவ்வளவு அரிசி, எத்தனை தலை, எவ்வளவு பாக்கி. அவ்வளவுதான்.

ஜாக்கிரதையாகத்தான் செய்தான். கையெழுத்து தெரியக்கூடாது என்று டைப் அடித்தான். நம் ஊர்த் தபால் முத்திரை விழக்கூடாது என்று பக்கத்து ஊர் ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். பெட்டியில் போட்டான். பெயர் கிடையாது, விலாசம் கிடையாது. ஆனால் நாலே நாளில் பிடிபட்டான். ஒரு வருடம் விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போய்தான் டிகிரியை முடித்தான்.

நான் இன்னும் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், எங்கள் செட் ஆட்கள் எல்லாரும் இப்போது ஒரே பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்கள்! மற்ற வருட மாணவர்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று அவர்களைப் பார்க்கிறீர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது. பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை. பெயரைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன விவரங்கள் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்றைக்கு அவன் எப்படிப் பிடிபட்டான் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். விடுதிக் காப்பாளர் என்னைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, சும்மா பேச்சுக்குக் கேட்பது போல், "நம்ம பசங்க யாராவது ஜங்ஷன் பக்கம் போறதுண்டா தம்பி?" என்று கேட்டார். "அவன்தான் சார், சனிக்கிழமை சனிக்கிழமை அங்க டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போறான்" என்றேன். அவர் மெஸ் பில்லைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது. நான் சொன்ன ஒரு வரியும், உறையின் மேல் இருந்த சனிக்கிழமை முத்திரையும் போதுமானதாக இருந்தது.

நாற்பது வருடத்துக்கு மேல் இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நீ பொய் சொல்லலையே. நிஜத்தைத்தானே சொன்னே" என்றார். மேடையில் சொல்லலாமா என்றேன். "சொல்லு. என் பேரை மட்டும் சொல்லாதே" என்றார். நான் காப்பாற்றிவிட்டேன். நீங்கள்தான் திரும்பிப் பார்த்துவிட்டீர்கள்.

டெலிபோன் இலாகாவில் சேர்ந்த பிறகு இந்த விஷயம் எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. எக்ஸ்சேஞ்சில் யாருடைய பேச்சையும் நாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. கேட்கவே வேண்டாம். எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்ற பட்டியல் ஒன்று போதும். ஒரு வீட்டிலிருந்து ஒரு வாரமாக ஆஸ்பத்திரிக்கே எஸ்.டி.டி. போகிறது என்றால், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. இன்றைய இன்டர்நெட்டிலும் இதே கதைதான். வங்கிப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே, அது உள்ளே எழுதியிருப்பதை மறைக்கும். யார் யாரோடு பேசினார்கள் என்பதை மறைக்காது.

இதற்கு ஒரு வழியை, எங்கள் செட் இந்தக் கல்லூரியில் காலடி வைத்த அதே 1981இல், டேவிட் சாம் என்ற அமெரிக்கர் எழுதி வெளியிட்டார். வழி ரொம்ப எளியது. உறைக்குள் உறை. ராமனுக்கு ஒரு கடிதம் எழுதி, ராமன் விலாசமிட்ட உறையில் போட்டு ஒட்டுங்கள். அதை கோபாலன் விலாசமிட்ட இன்னொரு உறைக்குள் போடுங்கள். அதையும் சங்கரன் விலாசமிட்ட உறைக்குள் போட்டுச் சங்கரனுக்கு அனுப்புங்கள். சங்கரன் பிரித்துப் பார்த்தால் உள்ளே கோபாலன் விலாசம் மட்டும் தெரியும். கோபாலனுக்கு ராமன் விலாசம் தெரியும். ஆனால் அனுப்பியவர் யார் என்று தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான் தெரியும்.

சாம் இன்னொன்றும் சொன்னார். சங்கரன் வீட்டுக்கு அன்றைக்கு ஒரே ஒரு உறைதான் வந்து, ஒரே ஒரு உறைதான் வெளியே போகிறது என்றால், தெருமுனையில் நிற்பவன் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவான். ஆகவே பல பேருடைய உறைகள் வந்து சேர வேண்டும். கலந்து வெளியேற வேண்டும். கூட்டம் இருந்தால்தான் ஒளிய முடியும். நம் நண்பருக்கு அன்றைக்கு இல்லாமல் போனது அதுதான். ஜங்ஷனுக்குச் சனிக்கிழமை போகிறவன் விடுதியில் அவன் ஒருவன்தான். முப்பது பேர் போயிருந்தால் என் வாய் எவ்வளவு நீண்டிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்த யோசனை கணிப்பொறி வலையாக உருவெடுக்கப் பல வருடங்கள் ஆயின. 1990களின் மத்தியில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் 'வெங்காய வழி' என்று ஒரு முறையை உண்டாக்கினார்கள். உரிக்க உரிக்க உள்ளே தோல் வருவதால் அந்தப் பெயர். அதன் வாரிசுதான் டோர். இன்னொரு பக்கம், 1999இல் நாப்ஸ்டர் வந்தது. பாட்டுக் கோப்புகளை ஆட்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் கம்பெனியின் சர்வரில் இருந்தது. பாட்டுக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2001இல் கதை முடிந்தது. பட்டியல் ஓர் இடத்தில் இருந்தால் பூட்டு ஒன்று போதும் என்று எல்லோருக்கும் விளங்கியது. எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் இயான் கிளார்க் தொடங்கிய ஃப்ரீநெட் 2000இல் வெளிவந்தது. அதில் நடு இடம் என்று ஒன்றுமே கிடையாது. அது 2023 முதல் ஹைஃபாநெட் என்ற பெயரில் நடக்கிறது.

நான் பழகியதும் இன்றைக்கு விளக்கப் போவதும் 2003இல் தொடங்கிய ஐ-டூ-பி. 'இன்விசிபிள் இன்டர்நெட் ப்ராஜெக்ட்', அதாவது கண்ணுக்குத் தெரியாத இணையத் திட்டம் என்பதன் சுருக்கம். இதை முதலில் முன்னின்று எழுதியவர் ஜேரேண்டம் என்ற புனைபெயர்க்காரர். 2007ஆம் வருடக் கடைசியில் அவர் ஒதுங்கிக்கொண்டார். அவரைப் போலவே புனைபெயரில் இருந்த மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நிரலின் ஒவ்வொரு வரியும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி வெளிப்படையாக இருக்கிறது. ஆளைப் பார்த்து நம்ப வேண்டியதில்லை, வேலையைப் பார்த்து நம்பலாம்.

டோரில் பெரும்பாலோர் வெறும் பயணிகள். வண்டி ஓட்டுவது சில ஆயிரம் தொண்டர்கள். ஐ-டூ-பியில் அப்படி இல்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் மற்றவர்களின் உறைகளையும் சுமந்து கைமாற்றுகிறார்கள். சாதாரணமாக நீங்கள் அனுப்புவது மூன்று கணிப்பொறிகள் வழியாக வெளியே போகும். பிறகு பெறுபவர் ஏற்பாடு செய்திருக்கும் இன்னொரு மூன்றின் வழியாக அவரைப் போய்ச் சேரும். பதில் வருவது வேறு பாதையில். இந்தப் பாதைகளைச் சுரங்கம் என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய சுரங்கத்தை விட்டுப் புதிதாகத் தோண்டிக்கொள்ளும். ஒரே பொட்டலத்தில் பல செய்திகளைச் சேர்த்துக் கட்டவும் முடிவதால் இதற்குப் 'பூண்டு வழி' என்று பெயர். வெங்காயம் ஆயிற்று, பூண்டும் ஆயிற்று. சமையல்காரர் அங்கே சிரிக்கிறார்.

சரி, வீட்டில் தொடங்குவது எப்படி? நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சேர்த்தே சொல்கிறேன்.

முதலாவது, மென்பொருளை அந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வமான தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இலவசம்தான். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் இருக்கிறது. யாரோ பென் டிரைவில் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, கடிகாரம். 2020இல் விருப்ப ஓய்வில் வந்த பிறகு, பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி இதைப் போட்டேன். இரண்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் பார்த்தேன், உள்ளே பொத்தான் பாட்டரி செத்துப்போய்க் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்கிறது. இந்த வலையில் எல்லாருடைய கடிகாரமும் ஏறக்குறைய ஒன்றாக ஓட வேண்டும். ஒரு நிமிடம் பிசகினாலே தகராறு. பாட்டரியை மாற்றினேன், வேலை முடிந்தது.

மூன்றாவது, பொறுமை. மென்பொருளைத் தொடங்கியதும் பிரவுசரில் 127.0.0.1:7657 என்ற முகவரியில் ஒரு பக்கம் திறக்கும். இது உங்கள் கணிப்பொறியின் சொந்த முகவரி. வெளியே எங்கும் போவதில்லை. புது ஊருக்குக் குடிபோனவருக்கு அறிமுகம் செய்து வைக்க யாராவது வேண்டும் இல்லையா? அதுபோல் முதல் தடவை மட்டும் சில குறிப்பிட்ட சர்வர்களிடமிருந்து ஒரு சிறு பெயர்ப் பட்டியலை அது வாங்கிக்கொள்ளும். பிறகு தானே விசாரித்து விசாரித்து மற்றவர்களைத் தெரிந்துகொள்ளும். இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். நாள் கணக்கில் ஓட விட்டால் இன்னும் நன்றாகப் பழகும். ஐந்து நிமிடத்தில் "ஒண்ணும் வரலியே" என்று மூடிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் முதலில் மூடினேன்.

நான்காவது, பங்கு. உங்கள் இணைப்பின் வேகத்தில் எவ்வளவு மற்றவர்களுக்குத் தருவீர்கள் என்று கேட்கும். கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். தர்மத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் கம்பியில் மற்றவர்களின் உறைகள் ஓடினால்தான் அதில் உங்களுடைய உறை எது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உங்கள் வழியாகப் போவதை உங்களால் படிக்க முடியாது, எல்லாம் பூட்டியவை. அதோடு, நீங்களாக ஏற்பாடு செய்தாலொழிய உங்கள் கணிப்பொறி வழியாக யாரும் வெளி இணையத்துக்குப் போக முடியாது. ஆனால் மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் அளவு பார்த்துக் கொடுங்கள். ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

ஐந்தாவது, இதற்கென்று தனியாக ஒரு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ப்ராக்ஸி என்ற இடத்தில் 127.0.0.1, போர்ட் 4444 என்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் டாட் ஐ-டூ-பி என்று முடியும் தளங்கள் திறக்கும். வங்கி, ரயில் டிக்கெட், பேரன் போட்டோ எல்லாம் பழைய பிரவுசரிலேயே இருக்கட்டும். இரண்டையும் கலந்தால் மெனக்கெட்டதெல்லாம் வீண். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆறு வீடு ஏறி இறங்கி வரும் கடிதம் மெதுவாகத்தான் வரும்.

இனி, இது எதை மறைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் இந்த வலையில் இருக்கிறீர்கள் என்பதை இது மறைக்காது. உங்கள் கணிப்பொறியின் முகவரி வலையில் மற்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தால்தானே உறையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? நீங்கள் யாரோடு என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் மறைவு. இரண்டாவதாக, உங்கள் வாயை எந்த மென்பொருளும் கட்டாது. வெளியில் வைத்திருக்கும் அதே பட்டப்பெயரை உள்ளேயும் வைத்தால், செல்போனில் எடுத்த படத்தை அப்படியே போட்டால் (எடுத்த இடமும் நேரமும் அதற்குள்ளேயே பதிந்திருக்கலாம்), "எங்க ஊர்ல இப்பதான் மழை பெஞ்சுது" என்று சொன்னால், சனிக்கிழமை டைப்ரைட்டிங் கிளாஸ் கதைதான்.

இப்போது செயலாளரின் கேள்விக்கு வருகிறேன். வில்லங்கம் உண்டா?

மென்பொருள் ஒரு கருவி. பெயரில்லாத இடத்தில் நல்லவர்கள் மட்டும் இருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அருவருப்பானதும் சட்டவிரோதமானதும் அங்கே உண்டு. தெரியாத கதவைத் தட்டாதீர்கள். எதைச் செய்தால் வெளியில் குற்றமோ, அது உள்ளேயும் குற்றமே. ஆனால் மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு மறைவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அரிசிக் கணக்கை எழுதிய பையனுக்கு மறைக்க என்ன இருந்தது? கணக்கு சரி. கேட்டதும் நியாயம். அடுத்த வேளைச் சோற்றுக்கு அதே மெஸ்ஸில் தட்டை நீட்ட வேண்டியவன் என்பதுதான் அவன் நிலைமை.

"எனக்கு ஒரு ரகசியமும் இல்லையே, நான் எதற்குச் சேரணும்?" என்று சிலர் கேட்கலாம். உங்களைப் போன்றவர்கள்தான் சேர வேண்டும் என்பது என் கட்சி. ரகசியம் உள்ளவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில், உள்ளே போனாலே சந்தேகம்தான். சமையல் குறிப்பு படிப்பவர், செஸ் ஆடுபவர், வெட்டிப் பேச்சுப் பேசுபவர் எல்லாரும் சேர்ந்து நின்றால்தான், எங்கோ ஒரு மூலையில் பயந்து பயந்து எழுதும் ஒரு பையனோ பெண்ணோ அந்தக் கூட்டத்தில் பத்திரமாக இருக்க முடியும். அன்றைக்கு என்னால் செய்ய முடியாததை இன்றைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை விட்டுச் செய்ய வைத்திருக்கிறேன். அது ராத்திரி பகலாக யார் யாருடைய உறையையோ வாங்கிக் கைமாற்றிக்கொண்டிருக்கிறது. யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. யாராவது டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு வேலை முறை. இந்த மென்பொருளை மூடும்போது, 'உடனே நிறுத்து' என்று ஒரு பொத்தான், 'நிதானமாக நிறுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். இரண்டாவதை அழுத்துங்கள். பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடவே ஆகும். உங்கள் வழியாக ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் சுரங்கங்கள் முடியும்வரை காத்திருந்து பிறகு அணையும். பட்டென்று அணைத்தால் யாரோ ஒருவருடைய கடிதம் நடுவழியில் நின்றுவிடும்.

சமையல்காரர் கை காட்டுகிறார். சாம்பார் ஆறிவிடுமாம். நம் நண்பரும் மெஸ் பில்லை மறந்துவிட்டு இன்றைக்கு வயிறாரச் சாப்பிட வேண்டும். அவரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பைத் தனியாகக் கேட்டுவிட்டேன். இங்கே உங்கள் எல்லார் முன்னாலும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.